பரம்பரைப் புற்றுநோய் மரபணுப் பரிசோதனை: ஒரு பயனாளியின் மதிப்பீடு

சூலகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் என் அம்மாவுக்காக, சென்னையிலுள்ள ஒரு தனியார் ஆய்வகத்தில் பரம்பரைப் புற்றுநோய் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டோம். கட்டணம் 20,000 ரூபாயை ஒட்டி வந்தது. பரிசோதனை நன்று, அதற்கு முன்னும் பின்னும் கிடைத்த ஆலோசனை அதைவிட நன்று. அறிக்கையை எழுதியிருக்கும் விதத்தில்தான் பெருங்குறை இருக்கிறது.

ரத்தம் எடுப்பதற்கு முன்பே மரபணு ஆலோசகர் எங்களை உட்காரவைத்து, வட்டமும் சதுரமுமாக மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடத்தை வரைந்தார். யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் நோய் வந்தது என்று விசாரித்தவர் அப்பா வழியையும் விடவில்லை. மார்பகம், சூலகம் என்றாலே தாய்வழியை மட்டும் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் பழுதானால் இந்தப் புற்றுநோய்களுக்கு வழிவிடும் முக்கிய மரபணுக்களான பிஆர்சிஏ1 17ஆம் குரோமோசோமிலும் பிஆர்சிஏ2 13ஆம் குரோமோசோமிலும், அதாவது ஆண், பெண் இருவருக்கும் பொதுவான குரோமோசோம்களில் இருப்பதால், அவற்றிலுள்ள பிறழ்வு தகப்பனிடமிருந்தும் அதே 50 சதவீத வாய்ப்புடன் பிள்ளைகளுக்கு வரும். நோய் வந்தவரையே முதலில் சோதிக்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். நோயாளியிடம் பிறழ்வு தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

இந்த மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள், டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் அறுந்துபோகும்போது அதைப் பிழையின்றிச் சரிசெய்ய உதவுகின்றன. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாகவே பிறந்தவருக்கும் மற்றொன்று வேலை செய்யும் வரை செல்கள் சமாளித்துக்கொள்ளும். ஏதோ ஒரு செல்லில் அந்த இரண்டாம் பிரதியும் கெட்டுவிட்டால், திருத்தப்படாத பிறழ்வுகள் குவிந்து, பெருக்கத்துக்குத் தடைபோடும் மரபணுக்களும் செயலிழந்து, அந்தச் செல் கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்குகிறது. விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்து 1971இல் ஆல்ஃபிரட் நுட்சன் முன்வைத்த 'இரட்டை அடி' கருத்து இதுதான் என்று ஆலோசகர் விளக்கியபோது, அம்மாவே குறுக்கிட்டுக் கேள்வி கேட்கும் அளவுக்குத் தெளிவாக இருந்தது.

அம்மாவின் பிஆர்சிஏ1 மரபணுவின் தொடக்கப் பகுதியில் டிஎன்ஏ வரிசையின் வேதி எழுத்துகளான ஏ, ஜி இரண்டும் விடுபட்டிருந்தன. மரபணு மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுவதால், இரண்டு விடுபட்டதும் அதன்பின் வரும் வரிசை முழுவதும் இடம்மாறி, புரதம் முழுமை பெறாமல் நின்றுவிடுகிறது. மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கனாசி யூதர்களிடம் பரவலாக அறியப்பட்ட இதே பிறழ்வு தென்னிந்தியக் குடும்பங்களிலும் பதிவாகியிருக்கிறது. இந்த முடிவால் உடனடிப் பயனும் கிடைத்தது: டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் இன்னொரு வழியையும் அடைத்துப் புற்றுசெல்களை மடியச் செய்யும் ஓலாபரிப் மாத்திரையை மருத்துவர் பரிசீலிக்க முடிந்தது.

குறைக்கு வருகிறேன். ஏடிஎம் என்ற வேறொரு மரபணுவில் 'பொருள் உறுதியாகாத மாற்றம்', அதாவது நோய் தருமா இல்லையா என்று இன்னும் தெரியாத மாற்றம், ஒன்றும் இருந்தது. அதை வைத்து எந்தச் சிகிச்சை முடிவும் எடுக்கக்கூடாது. ஆனால் அறிக்கையின் முதல் பக்கத்தில், நோய்க்குக் காரணமான பிறழ்வுக்குப் பக்கத்திலேயே, அதே சிவப்புத் தடித்த எழுத்தில் அதையும் அச்சிட்டிருந்தார்கள். ஆலோசகரைப் பார்க்கும் வரை எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதும், தமிழில் ஒரு பக்கச் சுருக்கம்கூட இல்லாததும் மன்னிக்கத்தக்கதல்ல.

இந்தப் பரிசோதனை எழுத்துகளை மட்டுமே படிக்கிறது என்பதையும் விளம்பரச் சிற்றேடு சொல்வதில்லை. பிஆர்சிஏ1இன் எழுத்துகள் சரியாகவே இருந்தும், மெத்தில் குழுக்கள் எனும் சிறு வேதித் துணுக்குகள் அதன்மீது ஒட்டிக்கொள்வதால் கட்டிக்குள் அந்த மரபணு வெளிப்படாமல் அடங்கிவிடுவதுண்டு. அது இதில் தெரியாது.

மலிவான வீட்டுச் சோதனைகளை இதற்கு மாற்றாகக் கருதவேண்டாம். அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்ற அத்தகைய ஒன்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிஆர்சிஏ பிறழ்வுகளில் மூன்றை மட்டுமே தேடியது.

புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருபவை என்பதால் எல்லாருக்கும் இது தேவைப்படாது. குடும்பத்தில் இளவயதிலோ பலருக்கோ மார்பக, சூலகப் புற்றுநோய் வந்திருந்தால் தயங்காமல் செய்துகொள்ளலாம். பணம் கட்டும் முன், மரபணுவின் பெரிய பகுதிகள் விடுபட்டிருந்தால் அதையும் கண்டறிவார்களா, ஆலோசனை கட்டணத்தில் அடங்குமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.