அடுத்த தலைவர் யார்: ஒன்பது கட்டமா, அல்காரிதமா?

அடுத்த தலைவர்களை அடையாளம் காணப் பெரிய நிறுவனங்கள் நடத்தும் ஊழியர் திறனாய்வுக் கூட்டத்தில் திரையில் ஒன்பது கட்டம் தெரியும். ஒரு பக்கம் செயல்திறன், இன்னொரு பக்கம் வளரும் வாய்ப்பு. நடுக்கட்டத்தில் இருக்கும் பெயர், மேலாளர் அழுத்திப் பேசினால் மேல் மூலைக்கு ஏறிவிடும். எடுத்துச் சொல்ல ஆளில்லாத பெயர் அங்கேயே கிடக்கும்.

இந்தப் பழைய முறையின் பலம், ஆளை வேலையில் பார்த்திருப்பது. ஸ்டீவ் ஜாப்ஸ் மருத்துவ விடுப்பில் இருந்த 2004, 2009 ஆண்டுகளில் ஆப்பிளை நடத்திக் காட்டிய பிறகுதான் 2011-ல் டிம் குக் தலைமைக்கு வந்தார். பழகிய ஆள் என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. டிஸ்னியில் பல ஆண்டுகள் பணியாற்றிய பாப் சேபெக் 2020-ல் தலைவரானார். 2022 நவம்பரில் முந்தைய தலைவர் பாப் ஐகரே திரும்ப வரவேண்டியதாயிற்று.

செயற்கை நுண்ணறிவின் பலம் வேறு. ஆயிரக்கணக்கானோரின் பணி வரலாற்றை அலசி, யார் கண்ணிலும் படாதவரை மேலே கொண்டுவரும். ஒருவர் மேலே போனால் எந்த நாற்காலி காலியாகும், அதற்கு யார் தயார் என்ற சங்கிலியையும் நொடியில் போட்டுக் காட்டும். இது சின்ன விஷயமில்லை. 2004 ஏப்ரலில் மெக்டொனால்ட்ஸ் தலைவர் திடீரென இறந்தார். சில மணி நேரத்தில் பொறுப்பேற்ற சார்லி பெல்லும் புற்றுநோயால் அதே ஆண்டு விலக நேர்ந்தது. இரண்டாவது வாரிசும் கைவசம் இருக்கவேண்டும்.

ஆனால் இயந்திரம் நேற்றைய முடிவுகளிலிருந்துதான் பாடம் படிக்கிறது. அமேசான் சோதித்த ஆளெடுப்பு மென்பொருள், பெண்கள் அமைப்புகளைக் குறிப்பிட்ட விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் குறைத்தது. பழைய விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதைக் கைவிட்ட செய்தி 2018-ல் வெளியானது. தலைமைப் பதவியில் சிக்கல் இன்னும் ஆழம். 1975-ல் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் இதுவரை கண்ட தலைமைச் செயல் அதிகாரிகள் மூவர்தான். மூன்று பேரை வைத்து எந்த அல்காரிதம் என்ன கற்கும்? பிரிவுத் தலைவர், ஆலைத் தலைவர் மட்டத்திலாவது நூற்றுக்கணக்கான அனுபவங்கள் உண்டு.

பதவி உயர்வை முடிவு செய்யும் மென்பொருளை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது.

பட்டியலை அகலமாக்க இயந்திரம், ஆளைத் தேர்ந்தெடுக்க மனிதர் என்பதே என் தேர்வு. இயந்திரம் கண்டெடுத்த பெயருக்கு ஒரு பிரிவை ஓராண்டு நடத்தக் கொடுத்துப் பார்க்கவேண்டும். நேர்காணல் முடியும்வரை இயக்குநர் குழுவுக்கு இயந்திரம் போட்ட மதிப்பெண்ணைக் காட்டவே கூடாது. 87 என்ற எண்ணைப் பார்த்துவிட்டால், அதன்பிறகு 74-காரர் பேசுவது யார் காதிலும் ஏறாது.