இரட்டைப் பொத்தான் ஃபிளஷ் தொட்டி: மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் ஆறு மாத அனுபவம்

எங்கள் பழைய தொட்டி ஒரு முறைக்கு 9 லிட்டர் இறைத்ததால், முழுப் பொத்தானுக்கு 6, சிறியதற்கு 3 லிட்டர் மட்டும் செலவாகும் தொட்டியை ஊர் இரும்புக் கடையில் வாங்கினேன். ஐந்து பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு முழு அழுத்தம், நான்கு சிறிய அழுத்தங்கள் என்று கணக்கிட்டால், 225 லிட்டர் 90 ஆகக் குறைந்து, மாதம் ஏறத்தாழ 4 கன மீட்டர் மிஞ்ச வேண்டும். மீட்டரில் குறைந்ததோ 3 கன மீட்டர்தான். சிறிய பொத்தான் மிக இறுக்கமாக இருப்பதால், மூட்டுவலியுள்ள அம்மா உள்ளங்கையால் இரண்டையும் சேர்த்தே அழுத்துகிறார். நகரத்தின் நீர்த் தேவையை முன்கணிப்பவர்கள், பெட்டியில் அச்சிட்ட அளவை அல்ல, இத்தகைய கைகளின் பழக்கத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். ஆயினும் தயங்காமல் வாங்கலாம். கடையிலேயே பொத்தானை அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.