மணிலாவா, செபுவா: பிலிப்பைன்ஸுக்கு முதல்முறை போகிறவர் எங்கே இறங்கலாம்?

2025 ஜூன் 8 முதல் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 14 நாள் விசா இல்லாமல் பிலிப்பைன்ஸுக்குள் போகலாம் என்று ஆனதிலிருந்து எனக்கு வரும் வாட்ஸ்அப் விசாரிப்புகளில் பாதி ஒரே கேள்விதான்: “மணிலாவுக்கு டிக்கெட் போடவா, செபுவுக்குப் போடவா?”

நான் மணிலாப் பெருநகரில் உள்ள மகாட்டியில் இரண்டரை வருடம் வேலை பார்த்தவன். அக்கா மகன் செபுவில் மருத்துவம் படிக்கிறான். அவனைப் பார்க்கிற சாக்கில் அங்கேயும் நாலைந்து முறை தங்கியாயிற்று. இரண்டு ஊரும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் முதல்முறை போகிறவருக்கு, அதிலும் அப்பா அம்மா குழந்தைகளோடு போகிறவருக்கு, என் பதில் ஒன்றுதான். செபுவில் இறங்குங்கள். மணிலாவைக் கடைசி இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊரில் இறங்கினாலும் சில விஷயங்கள் பொது. அந்த 14 நாளை நீட்டிக்க முடியாது. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஷெங்கன், சிங்கப்பூர், பிரிட்டன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ வசிப்பு அனுமதியோ இருந்தால் 30 நாள் கிடைக்கும். திரும்பும் டிக்கெட் இல்லாமல் கவுன்டருக்குப் போகாதீர்கள், சென்னையிலேயே நிறுத்திவிடுவார்கள். இ-டிராவல் என்ற இணையவழி வருகைப் பதிவை இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். அது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி.

இறங்கிய முதல் ஒரு மணி நேரம்

இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேயே தெரிந்துவிடும். மணிலா விமான நிலையத்தின் டெர்மினல்கள் ஒன்றையொன்று ஒட்டி இல்லை. ஒன்றில் இறங்கி இன்னொன்றில் உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டுமென்றால் வெளியே வந்து, சாலை நெரிசலில் வண்டியில்தான் போக வேண்டும். இடையில் நான்கு மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுங்கள். ரயில் உள்ளே வருவதில்லை. பெட்டியோடு வெளியே வந்து நின்றால் “டாக்ஸி சார்?” என்று கூடவே நடந்து வருகிறவர்கள் உண்டு.

நான் முதல் நாள் இரவு அப்படி ஒருவர் வண்டியில் ஏறினேன். மீட்டர் ரிப்பேர் என்றார். மகாட்டிக்கு 2,000 பேசோ. ஒரு பேசோ ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். பிறகு அதே தூரத்துக்கு, செயலியில் அழைக்கும் கிராப் டாக்ஸியில் நான் ஒருமுறைகூட 400 பேசோவைத் தாண்டியதில்லை. பணம் போனதைவிட, அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் அனுபவம் அதுவாகிவிட்டதே என்பதுதான் வருத்தம். அடுத்த இரண்டு வாரம் எந்த டிரைவரையும் நான் நம்பவில்லை. அவர்களில் பெரும்பாலோர் நம்பத் தகுந்தவர்கள் என்பது தாமதமாகத்தான் புரிந்தது.

செபுவின் விமான நிலையம் மக்தான் தீவில் இருக்கிறது. 2018இல் திறந்த வெளிநாட்டு டெர்மினலும் பழைய உள்நாட்டு டெர்மினலும் பக்கத்துப் பக்கத்தில், நடந்தே போய்விடலாம். இந்தியாவின் ஜிஎம்ஆர் பங்கு கொண்ட கூட்டு நிறுவனம் கட்டியது. வளைந்த மரக் கூரை, நேரான ஒரே வழி. வயதானவர்களுக்குக் குழப்பமே இல்லை. மக்தானிலேயே தங்கினால் சீக்கிரம் அறைக்குப் போய்விடலாம். செபு நகரத்துக்குள் போக வேண்டுமானால் மட்டும் மாலை நேரத்தில் பாலங்களில் நெரிசல் உண்டு. 2022இல் மூன்றாவது பாலம் திறந்தும் அது தீரவில்லை.

சிங்கப்பூரிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் செபுவுக்கே நேராக விமானம் இருக்கிறது. மணிலா வழியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தெருவில் போய்வர

ஊருக்குள் சுற்ற மணிலாவில் வழிகள் அதிகம். ரயில் இருக்கிறது, எட்சா சாலையில் தனித் தடத்தில் பேருந்து ஓடுகிறது. நகர ரயிலில் முதல் பெட்டி பெண்களுக்கும் முதியவர்களுக்கும் உரியது. தனியாகப் போகும் பெண்களுக்கு அது நல்ல வசதி. செபுவில் ரயிலே கிடையாது. ஜீப்னி (ஜீப்பை நீட்டியதுபோல இருக்கும் ஷேர் வண்டி), டாக்ஸி, கிராப், சில தடங்களில் பேருந்து, அவ்வளவுதான். இதில் மணிலாவுக்கே மதிப்பெண்.

ஆனால் ஜீப்னியில் ஏறக் கற்றுக்கொள்ள செபுதான் சரியான ஊர். அங்கே ஒவ்வொரு வண்டியின் நெற்றியிலும் 17-பி, 13-சி என்று தடத்தின் எண் இருக்கும். மணிலா ஜீப்னியில் போகிற இடங்களின் பெயர்களைத்தான் எழுதியிருப்பார்கள், அந்த இடங்கள் எங்கே என்று தெரிந்தால்தான் பயன்.

அக்கா செபுவுக்கு வந்தபோது ஒரு காலையில் அவளை ஜீப்னியில் கூட்டிப்போனேன். பின்பக்கப் படி ஓரத்தில் உட்கார்ந்தாள். டிரைவர் எட்டு பேருக்கு அப்பால். ஐம்பது பேசோ நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பள்ளிப் பெண் எதுவும் கேட்காமல் அதை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தாள். கை மாறி, கை மாறி முன்னால் போயிற்று. ஒரு நிமிடத்தில் மீதிச் சில்லறை அதே கைகள் வழியாகத் திரும்பி வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. எண்ணிப் பார்த்தாள், சரியாக இருந்தது. “நம்ம ஊரு பஸ்ல கூட்டத்துல டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து அனுப்புற மாதிரியேதான்டா,” என்றாள். அதற்குப் பிறகு அவள் டாக்ஸி கேட்கவே இல்லை.

இறங்க வேண்டிய இடம் வந்தால் மணிலாவில் “பாரா போ” என்பார்கள். செபுவில் மேலே உள்ள கம்பியில் காசால் தட்டிவிட்டு “லுகார் லாங்”. 2023 அக்டோபரில் பழைய ஜீப்னியின் குறைந்தபட்சக் கட்டணம் 13 பேசோ ஆனது. காலையில் ஆயிரம் பேசோ நோட்டை நீட்டாதீர்கள். ‘காலையில் சில்லறை மட்டும்’ என்று வண்டிக்குள்ளேயே எழுதி ஒட்டியிருப்பார்கள்.

மரியாதை, மானம், மறுப்பு

மணிலா பேசுவது தகலோக். செபு பேசுவது செபுவானோ. ஒன்று தெரிந்தால் இன்னொன்று வந்துவிடாது. ‘லங்காம்’ என்றால் மணிலாவில் எறும்பு, செபுவில் பறவை. மணிலாவில் கற்ற தகலோக்கைச் செபுவில் பேசினால் புரிந்துகொள்வார்கள்; ஆனால் “சலாமாத் கயோ” என்று அவர்கள் பேச்சில் நன்றி சொன்னால் முகம் மலர்கிறது.

தகலோக்கில் ‘போ’ என்ற சொல் உண்டு. நாம் ‘ங்க’ சேர்ப்பதுபோல ஒவ்வொரு வாக்கியத்திலும் சேர்க்கலாம்: “மக்கானோ போ?”, எவ்வளவுங்க? செபுவானோவில் அந்தச் சொல்லே கிடையாது. அங்கே மரியாதை முறைப்பெயரில் இருக்கிறது. பெரியவரை ‘நோங்’, பெரியம்மாவை ‘நாங்’, சின்னப் பையனை ‘டோங்’, பெண் பிள்ளையை ‘டாய்’. அண்ணே, அக்கா, தம்பி, பாப்பா என்று முன்பின் தெரியாதவரையும் கூப்பிட்டுப் பழகிய நமக்கு இது இயல்பாகவே வரும். பெரியவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் இரண்டு ஊரிலும் இருக்கிறது. வீட்டுக்குப் போனால் நீங்களும் செய்யலாம், மிகவும் சந்தோஷப்படுவார்கள்.

வெளிநாட்டவர் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் ‘ஹியா’. வெட்கம், கூச்சம், மானம் மூன்றும் கலந்த சொல். நாலு பேர் முன்னால் ஒருவரிடம் குரல் உயர்த்தினால் அவருடைய மானத்தை வாங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு உங்கள் வேலை நடக்காது. அதேபோல் முடியாது என்பதை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். விடுதியில் சீக்கிரம் அறை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். “முயற்சி செய்கிறோம் சார்” என்று சிரித்தபடி பதில் வந்தால், பெரும்பாலும் கிடைக்காது என்று எடுத்துக்கொள்ளுங்கள். புருவத்தை ஒருமுறை தூக்கினால் ஆமாம். வழி கேட்டால் உதட்டைக் குவித்துத் திசை காட்டுவார்கள். யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் கடந்து போனால் “காயின் தாயோ” என்பார்கள், செபுவில் “காவோன் தா”. வாங்க சாப்பிடலாம் என்று பொருள். புன்னகைத்து நன்றி சொன்னால் போதும்.

இந்தியர்களுக்கு இன்னொன்று. ‘பும்பாய்’ என்ற சொல் காதில் விழும். பம்பாய் என்ற ஊர்ப் பெயரிலிருந்து வந்த சொல் அது. ஐந்து கொடுத்து ஆறு வாங்கும் வட்டித் தொழிலில் மோட்டார் சைக்கிளில் சுற்றும் வட இந்தியரை நினைத்துத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். குழந்தைகளைப் பயமுறுத்தவும் சொல்வார்கள். எனக்கு முதலில் சுருக்கென்றது. பெரும்பாலும் பகையில்லாமல்தான் சொல்கிறார்கள் என்பது பழகப் பழகத் தெரிந்தது.

சாப்பாடு

சைவர்களுக்கு மணிலாதான். மகாட்டியில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் நிறையவே உண்டு. செபுவில் எண்ணி எடுத்துவிடலாம். உள்ளூர்க் கடையில் காய்கறிக் குழம்பு என்று கொடுப்பதிலும் இறால் விழுதோ மீன் சாறோ இருக்கும். ‘பினாக்பெத்’ பார்க்க நம் பாகற்காய், பூசணிக் கூட்டு மாதிரியே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். இறைச்சி வேண்டாம் என்றால் மட்டும் போதாது, மீனும் இறாலும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். முருங்கைக் கீரை இரண்டு ஊரிலும் தாராளம். தகலோக்கில் ‘மலுங்காய்’, செபுவானோவில் ‘கமுங்காய்’. சந்தையில் கட்டுக் கட்டாக அதைப் பார்த்ததும் அக்கா கண்ணில் வந்த வெளிச்சத்தை என்னால் எழுத முடியாது.

அசைவர்களுக்குச் செபுவை மிஞ்ச ஆளில்லை. எலுமிச்சைப் புல்லும் பூண்டும் வயிற்றில் அடைத்துக் கரியில் சுட்ட பன்றி, தென்னை ஓலைக் கூட்டில் வெந்த ‘பூசோ’ சோறு.

பாதுகாப்பு

மனிதரால் வரும் தொல்லை மணிலாவில் கொஞ்சம் அதிகம். கியாப்போ, எர்மிட்டா பக்கம் கூட்டத்தில் போன் பறிபோகும். பூங்காவில் நட்பாகப் பேசி வீட்டுக்கு அழைத்து, சீட்டாட்டத்தில் உட்காரவைத்து மொட்டையடிக்கும் பழைய மோசடி இன்னும் செத்துவிடவில்லை. முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பானத்தைக் குடிக்காதீர்கள். செபுவிலும் கொலோன் தெரு, கார்பன் சந்தை பக்கம் இருட்டிய பிறகு இதே கவனம் வேண்டும். நாட்டின் தெற்கில் உள்ள சூலு தீவுகளும் மேற்கு மிண்டனாவோவும் ஆட்கடத்தல் நடந்த பகுதிகள். முதல் பயணத்தில் அந்தப் பக்கமே வேண்டாம். அவசர எண் 911.

வானமும் கடலும் நிலமும் தரும் ஆபத்துதான் பெரியது. அதில் செபு பாதுகாப்பான ஊர் என்று நான் சொல்ல மாட்டேன். 2021 டிசம்பரில் ஒடெட் புயல். 2025 செப்டம்பர் 30 அன்று வட செபுவில் 6.9 அளவு நிலநடுக்கம். சரியாக ஐந்து வாரம் கழித்து, நவம்பர் 4 அன்று டீனோ புயலின் வெள்ளம் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்த வாரம் அக்கா மகன் போனை எடுக்காத ஒவ்வொரு மணி நேரமும் வீட்டில் எப்படிக் கழிந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும். மணிலாவுக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழை வெள்ளம். முதல்முறை போகிறவர்கள் ஜனவரி முதல் மே வரை போவது நல்லது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மட்டும் போகாதீர்கள். கடைகள் மூடியிருக்கும், படகுகளில் இடம் கிடைக்காது.

செபுவின் பலமே படகுதான். துறைமுகத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போஹோல் தீவு. ஆனால் புயல் எச்சரிக்கை எண் 1 ஏறினாலே படகுகளை நிறுத்திவிடுவார்கள். 2008இல் புயலில் கிளம்பிய ஒரு பெரிய கப்பல் கவிழ்ந்து எண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கண்டிப்பு நியாயமானது. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஒருபோதும் சிறு தீவில் வைக்காதீர்கள்.

செபு தீவின் தெற்கே ஓஸ்லோபில் தீனி போட்டு வரவழைக்கும் திமிங்கலச் சுறாக்களைப் பார்க்க வண்டி வண்டியாகக் கூட்டிப்போவார்கள். நான் போகவில்லை, போகச் சொல்லவும் மாட்டேன். பார்த்தே ஆக வேண்டுமென்றால் மணிலா இருக்கும் லூசோன் தீவின் தொன்சோலில் தீனி போடாமல், அது வந்தால் பார்க்கிற முறை இருக்கிறது.

தமிழ்த் தொடர்பு என்று தேடினால்

செபுவை நிறுவிய ஸ்ரீ லுமாய் சோழ வம்சத்தவர் என்று தமிழ் இணையத்தில் அடிக்கடி சுற்றுகிறது. அது ஒரு வாய்மொழி மரபு, அதை உறுதி செய்யும் சான்று இல்லை. உறுதியான தொடர்பு மணிலா பக்கம் இருக்கிறது. 1762இல் மணிலாவைப் பிடிக்க ஆங்கிலேயப் படை கிளம்பியது மெட்ராஸிலிருந்து. 1764இல் அவர்கள் திரும்பியபோது சிப்பாய்களில் ஒரு பகுதியினர் திரும்பவில்லை, மணிலாவுக்குக் கிழக்கே காயின்தாவில் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய வம்சாவளியினர் இன்றும் அங்கே இருக்கிறார்கள். இதற்காகவே மணிலாவை விட்டுவிடாதீர்கள் என்பேன்.

அந்தக் கடைசி இரண்டு நாளில் ஒரு காலையை மணிலாவின் மதில் சூழ்ந்த பழைய நகரான இன்ட்ராமுரோஸுக்குக் கொடுங்கள். 1945 போரில் கோட்டைக்குள் இருந்த தேவாலயங்களில் தப்பியது 1607இல் கட்டி முடித்த சான் அகுஸ்தீன் மட்டும்தான். அங்கிருந்து சான்டியாகோ கோட்டைக்கு நடந்தால் தரையில் வெண்கலக் காலடித் தடங்கள் பதித்திருக்கும். 1896 டிசம்பர் 30 காலையில் பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசால் சிறையிலிருந்து சுடப்படும் இடத்துக்கு நடந்த நடை அது. வெயிலுக்கு முன், ஏழரை எட்டு மணிக்கே போய்விடுங்கள். அன்று இரவு விமானம் என்றால், பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு வந்து, மாலை நான்கு மணிக்கெல்லாம் கிராப் போட்டுக் கிளம்பிவிடுங்கள். ஐந்து மணிக்கு மேல் எட்சா நகராது.