டெத் ஸ்ட்ராண்டிங்: சுமையும் சரிவும்தான் ஆட்டம்

2019 நவம்பரில் டெத் ஸ்ட்ராண்டிங் என்ற வீடியோ கேம் பிளேஸ்டேஷன் 4-க்கு (பிஎஸ்4) வந்தபோது, "கூரியர் வேலைதானே, இதில் என்ன இருக்கிறது" என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். நான் அதை வருடக்கணக்கில் விட்டு விட்டு விளையாடிக்கொண்டிருக்கிறேன், இப்போது டைரக்டர்ஸ் கட் என்ற விரிவாக்கிய பதிப்பில். கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆட்டம் கூடுதலாகவே பிடிக்கும் என்பது என் எண்ணம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஈரச் சரிவில் இறங்கினால் முழங்கால் என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியுமே.

ஆட்டத்தை உருவாக்கிய ஹிடியோ கோஜிமா இதில் சண்டையை ஓரமாக வைத்துவிட்டு நடையை நடுவில் வைத்திருக்கிறார். நாயகன் சாம் தூக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் எடையும் அளவும் உண்டு. முதுகில் அடுக்கலாம், தோளிலும் இடுப்பிலும் மாட்டலாம், கையில் பிடிக்கலாம். எடை அதேதான், ஆனால் முதுகில் உயரமாக அடுக்கினால் கொஞ்சம் வேகமாகத் திரும்பினாலே சாம் தள்ளாடுவான். உடனே கன்ட்ரோலரில் எல்2 அல்லது ஆர்2 பொத்தானை அழுத்தி அவனை நிமிர்த்த வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பட்டைகளை இறுக்கிக்கொண்டு நிதானமாக நடப்பான், வேகம் குறையும்.

தானாக அடுக்கித் தரும் வசதியும் இருக்கிறது. நான் அதைப் போட்டுவிட்டு, பிறகு ஒருமுறை கையாலும் மாற்றி வைப்பேன். வெள்ளகவி மாதிரி ஊர்களுக்குக் குதிரையில் சாமான் ஏற்றுகிறவர்கள் இரண்டு பக்கமும் எடை ஒத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் கயிற்றை இறுக்குவார்கள். ஒரு பக்கம் கனத்தால் வழியில் பொதி புரண்டுவிடும். புறப்படும் முன் அந்தக் கவனத்தை இந்த ஆட்டமும் கேட்கிறது, எனக்கு அதில் மிகவும் பிடித்ததே அதுதான்.

பாறைச் சரிவில் இறங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தோளில் உள்ள ஓட்ராடெக் கருவியை இயக்கினால் தரையெங்கும் புள்ளிகள் விழும். நீலம் என்றால் தாராளமாகக் கால் வைக்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் விலகிப் போக வேண்டும். இறக்கத்தில் நடை தானாக வேகம் பிடிக்கும். நிறுத்தலாம் என்று கன்ட்ரோலர் குச்சியை விட்டாலும் சுமை முன்னுக்குத் தள்ளும், ஒரு கல் இடறும், பெட்டிகள் உருண்டு ஓடும். கீழே ஆறு இருந்தால் அதோடு போய்விடும். ஆற்றில் முழங்கால் ஆழம் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் தெம்பு வேகமாகக் கரையும், இன்னும் ஆழம் என்றால் ஆளையே இழுத்துவிடும். டைம்ஃபால் மழை வேறு பெட்டிகளை அரித்துக்கொண்டே இருக்கும். பூட்ஸ் தேயும், அதற்கும் மாற்று ஜோடி வேண்டும்.

மற்ற ஆட்டக்காரர்களை நேரில் பார்க்கவே முடியாது. அவர்கள் வைத்த ஏணியும் பாலமும்தான் நம் உலகத்தில் தெரியும், அதுவும் நாம் அந்தப் பகுதியை ஆட்டத்தில் வரும் தகவல் வலையான கைரல் வலைப்பின்னலில் இணைத்த பிறகு. பலர் நடந்த இடத்தில் தடம் விழும். நெடுஞ்சாலை போட எல்லோரும் உலோகமும் செராமிக்கும் கொண்டுவந்து கொட்டலாம். யாரோ சரியான இடத்தில் சாத்திவைத்த ஏணியைப் பார்த்து மனம் நிறைந்து லைக் போட்டிருக்கிறேன். நேரலை ஆட்டம் இல்லை என்பதால், மழைக்காலத்தில் எங்கள் பக்கம் நெட் படுத்தும் பாட்டிலும் சிக்கல் வந்ததில்லை. இணைப்பே இல்லாமலும் விளையாட முடியும்.

குறைகளும் இருக்கின்றன. பெரிய எதிரிகளோடு வரும் சண்டைகள் சலிப்பு. கடைசிப் பகுதியில் கதைக்காட்சிகள் நீண்டுகொண்டே போகின்றன. ட்ரைக் என்ற மூன்று சக்கர வண்டி கல் நிறைந்த இடத்தில் சிக்கினால் அதை மீட்பதற்குள் நடந்தே போயிருக்கலாம் என்று தோன்றும்.

எனக்குப் பெரிய வருத்தம் ஜிப்லைன். ஒரு கம்பத்திலிருந்து 300 மீட்டர், மேம்படுத்தினால் 350 மீட்டர் வரை அடுத்த கம்பத்துக்குப் பாயலாம். பனிமலை முழுக்கக் கம்பம் நட்டுவிட்டால் மலை என்று ஒன்று இருப்பதே தெரியாது. முதல் தடவை அதே பனியில், கண் மறைக்கும் காற்றில், ஒவ்வொரு அடியாக ஏறிய ஆட்டமா இது என்று இருக்கும். கதையை முடித்துவிட்டு மிச்ச ஆர்டர்களைக் கொடுப்பவருக்கு அது சௌகரியம், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தடவையாவது நடந்து போன பிறகு கட்டுங்கள். டைரக்டர்ஸ் கட்டில் வந்த பட்டி பாட் (Buddy Bot) என்ற ரோபோவும் அப்படித்தான், நம் சுமையை அது தூக்கிக்கொண்டால் நமக்கு என்ன வேலை? சரக்கைத் தூக்கி எறியும் கேடபல்ட் பரவாயில்லை, பள்ளத்தாக்குகளில் உதவுகிறது.

2025 ஜூனில் வந்த இரண்டாம் பாகத்தில் ஆறு பெருக்கெடுக்கிறது, நிலநடுக்கம் வருகிறது என்பதால் சிலர் நேராக அதிலிருந்து தொடங்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். நடையின் கஷ்டம் முதல் பாகத்தில்தான் சுத்தமாகத் தெரியும். ஹார்ட் நிலையில் தொடங்குங்கள். முதல் சில மணி நேரம் மெதுவாகத்தான் போகும், மூன்றாவது அத்தியாயத்தில் ஆட்டம் விரியும், அதுவரை விட்டுவிடாதீர்கள். எங்கே கிளம்பினாலும் இரண்டு ஏணி, ஒரு கயிறு, ஒரு ஜோடி மாற்று பூட்ஸ். இதற்கு மேல் ஆசைப்பட்டு அடுக்கினால் ஏற்றத்தில் தவிக்க வேண்டியிருக்கும்.