நோக்கியா என்95: இத்தனை வருஷம் கழித்து ஒரு விமர்சனம்

போன வாரம் பீரோவைத் துழாவும்போது பழைய நோக்கியா என்95 கையில் அகப்பட்டது. 2008ல் பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது, புதுசு வாங்க அப்போது வசதி இல்லை. ஆன்லைனில் ஒரு பிஎல்-5எஃப் பேட்டரி வரவழைத்துப் போட்டதும் அந்த இரண்டு கைகள் கோத்துக்கொள்ளும் படம் திரையில் வந்துவிட்டது. பையன் வாங்கிப் பார்த்துத் திரையை நாலு தடவை தேய்த்துவிட்டு, "இது வேலை செய்யலப்பா" என்று திருப்பிக் கொடுத்தான்.

சரி, ஒரு வாரம் வைத்துப் பார்ப்போம் என்று தோன்றியது.

2006 செப்டம்பரில் அறிவித்து 2007 மார்ச் வாக்கில் கடைக்கு வந்த போன் இது. நோக்கியா இதைப் போன் என்று சொல்லவே கூச்சப்பட்டது, 'மல்டிமீடியா கம்ப்யூட்டர்' என்றுதான் விளம்பரம் செய்தது. அப்படிச் சொல்ல அதற்குத் தகுதியும் இருந்தது. கார்ல் ஸைஸ் லென்ஸோடு 5 மெகாபிக்சல் ஆட்டோஃபோகஸ் கேமரா, விநாடிக்கு 30 பிரேம் வீடியோ, ஜிபிஎஸ், வைஃபை, 3.5ஜி, எஃப்எம் ரேடியோ, இன்ஃப்ராரெட், சாதாரண ஹெட்போனே போடக்கூடிய 3.5 மிமீ துளை, அதே துளையில் வேறு ஒயரைச் செருகினால் வீட்டு டிவியில் படம். எல்லாம் சேர்த்து 120 கிராம். அன்றைக்கு ஒரு மனிதன் பையில் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு போன அஞ்சாறு சாமான்களை ஒரு சோப்புப் பெட்டிக்குள் அடைத்திருந்தார்கள்.

அந்த ஸ்லைடரைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதலாம். மேலே தள்ளினால் நம்பர் பட்டன்கள், கீழே தள்ளினால் பாட்டுக்கான நாலு பட்டன்கள், திரையும் தானாகவே படுக்கைவாட்டுக்குத் திரும்பும். 'டொக்' என்று ஒரு சத்தம். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு காரணமே இல்லாமல் திறந்து மூடித் திறந்து மூடிப் பக்கத்து சீட்டுக்காரரின் முறைப்பை வாங்கியிருக்கிறேன். பின்னால் கேமராவைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகினால் லென்ஸ் மூடி திறக்கும், கேமராவும் கூடவே விழித்துக்கொள்ளும். ஒரு அசைவு, ஒரு வேலை. பிறகு வந்த 8ஜிபி மாடலில் இந்த மூடியை எடுத்துவிட்டார்கள், எனக்கு அதில் இன்றுவரை வருத்தம்தான்.

இத்தனையும் இருக்கிறதே, அப்புறம் என்ன குறை என்றால், ஒரே கூரை, தனித்தனி அடுப்பு. கூட்டுக் குடும்பம் மாதிரி தெரியும், ஆனால் உள்ளே யாரும் யாரோடும் பேசுவதில்லை. கேமராவுக்குப் படம் எடுக்கத் தெரியும், ஜிபிஎஸ்ஸுக்கு நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும், ஆனால் எடுத்த படத்துக்குத் தான் எங்கே எடுக்கப்பட்டோம் என்று தெரியாது! அதற்கு லொகேஷன் டேகர் என்று ஒரு சோதனை நிரலை நோக்கியாவே தனியாகக் கொடுத்தது, விஷயம் தெரிந்தவர்கள் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு மலிவான போன்கூட, ஒரு தடவை அனுமதி கொடுத்துவிட்டால், இதைத் தானாகவே செய்கிறது.

இதற்கு ஒரு காரணம் ராம் (RAM), அதாவது ஓடுகிற நிரல்களை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம். முதலில் வந்த என்95ல் வெறும் 64 எம்பி, அதிலும் போன் தனக்கு எடுத்துக்கொண்டது போக மிச்சம் கொஞ்சம்தான். மேப் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரவுசரில் ஒரு கனமான பக்கத்தைத் திறந்து கேமராவையும் கூப்பிட்டால், மெமரி நிரம்பிவிட்டது, எதையாவது மூடு என்று சொல்லிவிடும். இது அந்த மாடல் வைத்திருந்த எல்லோருக்கும் மனப்பாடமான வாசகம். தேவைப்படும்போது மட்டும் நிரலின் துண்டுகளை ராமுக்குள் இழுக்கும் ஏற்பாட்டைப் பின்னால் ஃபர்ம்வேரில், அதாவது போனின் உள் மென்பொருளின் புதிய பதிப்பில், கொடுத்தார்கள், 8ஜிபி மாடலில் ராமையே 128 எம்பி ஆக்கினார்கள். இரண்டுமே நல்ல மருந்து, கொஞ்சம் லேட்.

ஜிபிஎஸ் ஆன்டெனா கீபேடுக்கு அடியில் இருக்கிறது. அதனால் ஸ்லைடரைத் திறந்து வைத்தால்தான் சாட்டிலைட் ஒழுங்காகக் கிடைக்கும். அந்தக் காலத்தில் மொட்டைமாடியில் காக்கைக்குச் சோறு வைக்கிறவன் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். நெட்வொர்க் உதவியோடு இடத்தைச் சீக்கிரம் பிடிக்கும் வசதி பிறகு வந்த ஃபர்ம்வேரில்தான் சேர்ந்தது. அப்போதும் வழியைக் குரலில் சொல்லிக் கூட்டிப்போக வேண்டுமென்றால் தனியாகக் காசு.

அதே 2007ல் வந்த முதல் ஐபோனைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜிபிஎஸ் கிடையாது, 3ஜி கிடையாது, 2 மெகாபிக்சல் கேமரா, ஃபோகஸ் செய்யாது, வீடியோ எடுக்காது, காப்பி பேஸ்ட் கூட இல்லை. காகிதத்தில் என்95 அதை அடித்துத் துவைத்துவிடும். நானும் அப்போது எல்லோரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், நோக்கியா ரசிகன் வேறு. இன்றைக்கு யோசித்தால் நான் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருக்கிறேன் என்று தெரிகிறது. ஐபோனில் இருந்தது கொஞ்சம்தான், ஆனால் காண்டாக்டில் இருக்கும் முகவரியிலிருந்து மேப்புக்கு, மேப்பிலிருந்து போன் நம்பருக்கு என்று ஒன்று இன்னொன்றிடம் வேலையைக் கைமாற்றியது. 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் வந்ததும் வெளியாட்களும் அதே வீட்டில் குடியேறிவிட்டார்கள்.

ஆனால் பழியை எல்லாம் என்95 தலையில் போடுவதும் நியாயமில்லை, ஏனென்றால் பாதி விஷயம் போனுக்கு வெளியில் இருந்தது. இந்த வாரம் மெனுவைக் குடைந்தபோதுதான் மறுபடி கவனித்தேன், க்யூஆர் குறியைப் படிக்கும் நிரல் இதில் உள்ளேயே இருக்கிறது! 2007ல்! அன்றைக்கு இங்கே அதைக் காட்டிப் படிக்க ஒரு குறி கிடையாது. இன்றைக்கு டீக்கடையில் ஒட்டியிருக்கும் அட்டையை போனில் காட்டிப் பதினைந்து ரூபாய் கொடுக்கிறோமே, அதில் கேமரா குறியைப் படிக்கிறது, ஆப் நம் சிம்மை ஏற்கெனவே அடையாளம் கண்டு வைத்திருக்கிறது, நெட் வங்கியைக் கூப்பிடுகிறது, நாம் நாலு எண்ணைத் தட்டுகிறோம், கடைக்காரரின் பெட்டி கத்துகிறது. யாரும் இதைக் கேமரா வேலை, சிம் வேலை என்று பிரித்துச் சொல்வதில்லை. ஸ்மார்ட் என்றால் எனக்கு அதுதான். 2016ல் யூபிஐ வராமல் இருந்திருந்தால் இன்றைய போனும் இந்த விஷயத்தில் என்95 மாதிரி சும்மாதான் இருந்திருக்கும்.

3.5ஜியும் அதே கதை. போனில் இருந்தது, நாட்டில் இல்லை. அரசு நிறுவனங்கள் 2008 கடைசியிலும் 2009லும் 3ஜியை ஆரம்பித்தன, தனியார் வர 2010 கடைசி ஆயிற்று. அதுவரை இந்த ராஜபாட்டை வண்டியை ஒற்றையடிப் பாதையில்தான் ஓட்டினேன். பிரிட்டனில் வேறு கூத்து. வைஃபை வழியாகப் பேசும் வசதி என்95ல் பிறவியிலேயே இருந்தது, வோடஃபோன், ஆரஞ்சு என்ற இரண்டு நெட்வொர்க் நிறுவனங்களும் தாங்கள் விற்ற போன்களில் அதைப் பிடுங்கிவிட்டுக் கொடுத்தன. பின்னே, அவர்களுக்கு நிமிஷக் காசு போய்விடுமே.

தமிழ் படிக்கவும் வெளியிலிருந்துதான் உதவி வந்தது. ஓபரா மினி பிரவுசரில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வெறும் கட்டம் கட்டமாக வரும். முகவரிப் பெட்டியில் ஓபரா:கான்ஃபிக் என்று அடித்து, கடைசியில் இருக்கும் படவடிவ எழுத்துரு அமைப்பை 'யெஸ்' ஆக்கினால், எங்கேயோ இருக்கும் சர்வர் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பும். இந்த ரகசியத்தை எத்தனை பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு 2.6 அங்குலத் திரையில் தமிழ் வலைப்பதிவுகள் படித்த சுகம், இப்போது ஆறரை அங்குலத்தில் கிடைக்கவில்லை. வயசாகிவிட்டது என்றும் சொல்லலாம்.

பேட்டரி 950 எம்ஏஎச். எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் எல்லாம் ஒன்றாகவே சாகும் என்பதை இதில்தான் கற்றுக்கொண்டேன். கொடைக்கானல் போனபோது ஜிபிஎஸ்ஸை அணைக்க மறந்துவிட்டேன், தப்பு என்னுடையதுதான், மத்தியானத்துக்குள் கேமராவும் பாட்டும் மேப்பும் போனும் ஒரே நேரத்தில் போய்விட்டன. கையில் மிஞ்சியது ஒரு சோப்புப் பெட்டி. அடுத்த பயணத்திலிருந்து சட்டைப் பையில் ஒரு உபரி பேட்டரி, மூடியைக் கழற்றி மாற்றினால் மறுபடி நூறு சதம். இந்த ஒன்றில் இன்றைய போன்கள் தோற்றுவிட்டன என்பேன்.

இன்றைக்கு எதற்கு உதவும்? 2ஜி இருக்கும் நெட்வொர்க்கில் பேசலாம், நானோ சிம்மைப் பொருத்த ஒரு அடாப்டர் வேண்டும், 4ஜி மட்டும் உள்ள சிம் எடுக்காது. இன்றைய இணையப் பக்கங்கள் பெரும்பாலும் திறக்காது. இந்தப் போனை ஓட்டும் இயங்குதளமான சிம்பியனை வாட்ஸ்அப் 2017லேயே கைவிட்டுவிட்டது. படம் மட்டும் வெயிலில் இன்னும் அழகாக எடுக்கிறது, பாட்டும் ஜோர்.

ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் ஸ்லைடரை இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து தடவை ஆட்டிப் பாருங்கள், திரை மினுக்கினால் உள்ளே திரையை இணைக்கும் வளையும் பட்டை ஒயர் (ஃப்ளெக்ஸ் கேபிள்) போய்விட்டது என்று அர்த்தம், வேண்டாம். யூஎஸ்பி ஒயரில் சார்ஜ் ஏறாது, பழைய மெல்லிய பின் சார்ஜரையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.