பெயர்கள் படத்துக்குள்ளேயே இருக்கட்டும்: டிஜிகேமுடன் ஆறு வருடம்

எங்கள் வீட்டில் 41,000 படங்களுக்கு மேல் இருக்கின்றன. 2005இல் வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமராவில் தொடங்கி இன்றைய போன் வரை சேர்ந்தவை ஒரு பக்கம். அப்பா விட்டுச் சென்ற ஆல்பங்களிலிருந்து நான் ஸ்கேன் செய்த 1,900 படங்கள் இன்னொரு பக்கம். இவற்றை அடுக்கி வைக்கவும், தேடி எடுக்கவும், கொஞ்சம் திருத்தவும் 2019 முதல் டிஜிகேம் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். புதிதாக நிறுவிய வாரத்தில் எல்லா மென்பொருளும் நன்றாகத்தான் தோன்றும். ஆறு வருடம் புழங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதை எழுதலாம் என்று காத்திருந்தேன்.

முதலில் இங்கே எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நான் வைத்திருந்தது பிகாசா. கூகுள் 2004இல் வாங்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த மென்பொருள். 2016 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகும் கணினியில் இருந்தது ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதனால் நானும் விடவில்லை. 2018 கடைசியில் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் தகராறு செய்ய ஆரம்பித்தது. அவசர அவசரமாகப் படங்களை மட்டும் காப்பி செய்து புது லேப்டாப்புக்குக் கொண்டுவந்தேன். படங்கள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் ஒன்பது வருடமாகப் போட்டு வைத்த நட்சத்திரங்கள் ஒன்றுகூட இல்லை. முகங்களுக்கு வைத்த பெயர்கள் இல்லை. படங்களுக்கு அடியில் எழுதிய வாசகங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

ஏன் ஒன்று போய் ஒன்று தங்கியது என்று இரண்டு நாள் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். பிகாசா, நாம் எழுதும் வாசகத்தை ஜேபெக் ஃபைலுக்குள்ளேயே எழுதிவிடும். நட்சத்திரத்தையும் முகப் பெயர்களையும் செய்த திருத்தங்களையும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைந்திருக்கும் ஒரு சின்ன ஐஎன்ஐ ஃபைலில் வைக்கும். பெயர்களைப் படத்துக்குள் எழுதச் சொல்லும் வசதி அமைப்புகளில் இருந்தது, நான் அதை இயக்கியிருக்கவில்லை. காப்பி செய்தபோது மறைந்திருந்த ஃபைல்களையும் எடுத்துவரவில்லை. படத்துக்குள் இருந்தது தப்பித்தது, வெளியே இருந்தது போய்விட்டது.

அன்று முதல் எந்தப் பட மென்பொருளைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: நான் எழுதும் பெயரையும் தேதியையும் இது எங்கே வைக்கிறது? திருத்தும் வசதி எத்தனை, வடிகட்டி எத்தனை என்பதெல்லாம் அப்புறம்தான். வெளிச்சம் கூட்டுவதையும் ஓரம் வெட்டுவதையும் இன்று எந்த மென்பொருளிலும் செய்துகொள்ளலாம். படத்தில் இருப்பது யார் என்று சொல்ல இன்னொரு முறை ஆள் கிடைக்க மாட்டார்.

இந்தக் கேள்வியோடுதான் மற்றவற்றையும் பார்த்தேன். கூகுள் போட்டோஸ் தேடுவதில் கெட்டிக்காரன். ‘கடற்கரை’ என்றால் கடற்கரைப் படங்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆனால் 2021 ஜூன் 1 முதல் அளவில்லாத இலவச இடம் முடிந்துபோனது. மெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். வீடியோவோடு சேர்த்து என்னிடம் இருப்பது 210 ஜிபி. மாதாமாதம் பணம் கட்டினால் இடம் கிடைக்கும், நிறுத்தினால் என்ன செய்வது என்ற கவலையும் கூடவே வரும். மொத்தமாக இறக்கிக்கொள்ளும்போது நாம் திருத்திய தேதியும் விளக்கமும் தனியாக ஒரு ஜேசான் ஃபைலில் வருகின்றன. மறுபடியும் அதே கதை.

அடோபியின் லைட்ரூம், படங்களை அடுக்கவும் திருத்தவும் தொழில்முறைக்காரர்களுக்கு நல்ல கருவி. ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கும் வகை 2015இல் வந்த 6ஆம் பதிப்போடு முடிந்தது, இப்போது சந்தாதான். வீட்டில் பயன்படுத்துபவர்களுக்கென்று இருந்த ஃபோட்டோஷாப் எலிமென்ட்ஸ் ஒருமுறை வாங்கினால் போதும் என்றிருந்தது. 2025 பதிப்பிலிருந்து அதுவும் மூன்று வருட உரிமமாகிவிட்டது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர் வருடத்துக்கு நான்கு விசேஷப் படங்களைத் திருத்த இதையெல்லாம் வாங்கத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஃபாஸ்ட்ஸ்டோன், இர்ஃபான்வியூ இரண்டும் வீட்டு உபயோகத்துக்கு இலவசம், மிக வேகமாகத் திறக்கும். படம் பார்க்க இன்றும் ஃபாஸ்ட்ஸ்டோன்தான் என் கணினியில் இருக்கிறது. ஆனால் முகத்துக்குப் பெயர் வைத்து ஆயிரக்கணக்கில் அடுக்குவது அவற்றின் வேலை அல்ல.

டிஜிகேம் லினக்ஸ் உலகில் 2001இல் தொடங்கிய திட்டம். இப்போது விண்டோஸிலும் மேக்கிலும் ஓடுகிறது. என்னிடம் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள சாதாரண விண்டோஸ் லேப்டாப். முதல் தடவை திறந்ததும் சில கேள்விகள் கேட்கும். குறிச்சொற்களையும் (தேடுவதற்காகப் படத்தோடு சேர்க்கும் சொற்கள்) பெயர்களையும் படத்துக்குள் எழுதலாமா என்பது அவற்றில் ஒன்று. ஆம் என்று சொல்லுங்கள். தவறவிட்டிருந்தால் அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய விவரங்கள்) என்ற பகுதியில் போய் இயக்கிக்கொள்ளலாம். இந்த ஒரு டிக் அடையாளத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்று சொன்னாலும் சரிதான். வீடியோக்களின் விவரங்களை அவற்றுக்குப் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சின்ன ஃபைலாக எழுதி வைக்கும்படி செய்திருக்கிறேன். பேக்கப் எடுக்கும்போது அவற்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. டிஜிகேமில் ஆல்பம் என்றால் கணினியில் இருக்கும் உண்மையான ஃபோல்டர். அங்கே ஒரு படத்தை அழித்தால் வட்டிலிருந்தும் போகும். டிஜிகேமுக்கென்று தனிக் குப்பைத்தொட்டி உண்டு, அதில் போய் மீட்டுக்கொள்ளலாம். ஃபோல்டரை இடம் மாற்றுவதாக இருந்தால் டிஜிகேமுக்குள்ளிருந்தே மாற்றுங்கள்.

முகம் அடையாளம் காணும் வசதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் தொடங்கிய காலத்தில் அது அவ்வளவாக உதவவில்லை. 2020இல் வந்த 7.0 பதிப்பில் புது முறைக்கு மாற்றினார்கள், அதன் பிறகு நன்றாகத் தேறிவிட்டது. முகங்களை அடையாளம் காண அதற்குத் தேவைப்படும் ஃபைல்கள் சில நூறு எம்பி வரும், ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். பிறகு இணையம் தேவையில்லை. வீட்டுக் குழந்தைகளின் முகம் எதுவும் வெளியே எந்த சர்வருக்கும் போவதில்லை. இது எனக்குப் பெரிய நிம்மதி. என் லேப்டாப்பில் மொத்தப் படங்களிலும் முகம் தேட நான்கு இரவுகள் ஆயின. தூங்கப் போகும்போது ஓட விட்டுவிடுவேன்.

நாம் ஓர் ஆளுக்குப் பத்துப் பதினைந்து படங்களில் பெயர் வைத்தால், மற்ற இடங்களில் இவராக இருக்கலாம் என்று அது காட்டும். சரி என்றோ இல்லை என்றோ நாம் சொல்ல வேண்டும். போன் படங்களில் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது. ஸ்கேன் செய்த கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் தடுமாற்றம். அப்பாவும் பெரியப்பாவும் இரண்டு வயது வித்தியாசத்தில் பிறந்தவர்கள். இருவரையும் அது மாற்றி மாற்றிச் சொன்னது. எனக்கே சந்தேகமாக இருந்த இடங்கள் உண்டு. அந்தப் படங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு கும்பகோணத்தில் இருக்கும் அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். ஒரு படத்தை மூன்று நொடிதான் பார்த்தார். “இது உங்கப்பா இல்லடா தம்பி, பெரியப்பா. உங்கப்பா எப்பவும் வலது பக்கம்தான் வகிடு எடுப்பான்” என்றார். அன்று ஒரே மதியத்தில் 70 படங்களுக்குப் பெயர் கிடைத்தது. அதில் 11 பேரை அத்தையைத் தவிர உயிரோடு இருக்கும் வேறு யாருக்கும் அடையாளம் தெரியாது.

தேதிகளும் அப்படித்தான் கிடைத்தன. அத்தைக்கு ஆங்கில வருடம் நினைவில் இருக்காது. “மாமாங்கத்துக்கு முந்தின வருஷம்” என்பார். மகாமகம் 1980இலும் 1992இலும் வந்தது. படத்தில் நான் இடுப்பில் இருந்தால் 1979, அரைக்கால் சட்டையில் நின்றால் 1991. ஸ்கேன் செய்த படத்தில் பதிவாகியிருப்பது ஸ்கேன் செய்த நாள்தான். அதை டிஜிகேமின் நேரம் திருத்தும் கருவியில் போய் மாற்ற வேண்டும், நூறு படங்களுக்கு ஒரே தடவையில் மாற்றலாம். வருடம் மட்டும் தெரிந்தால் ஜனவரி 1 என்று வைத்து, ‘தேதி தோராயம்’ என்று ஒரு குறிச்சொல்லும் போடுகிறேன். இல்லாவிட்டால் பிற்பாடு பார்ப்பவர்கள் குடும்பமே புத்தாண்டு அன்றுதான் படம் எடுத்துக்கொண்டது என்று நினைத்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் படங்களுக்கு இதே கருவி வேறு விதத்தில் உதவியது. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, கேமரா எழுதிய தேதியும் இடமும் நீங்கிவிடும். ஆனால் ஆண்ட்ராய்டு போனில் சேமிக்கப்படும் ஃபைல் பெயரிலேயே வருடம், மாதம், நாள் வரிசையாக இருக்கும். அந்தப் பெயரிலிருந்து தேதியை எடுத்துப் படத்துக்குள் எழுதும்படி சொல்லலாம். 6,000 படங்களை ஒரு சாயங்காலத்தில் ஒழுங்குபடுத்தினேன். அது வந்து சேர்ந்த தேதிதான், எடுத்த தேதி அல்ல. இருந்தாலும் ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். இப்போதெல்லாம் விசேஷப் படங்களை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குகிறேன். அப்படி வந்தால் மூலப்படம் முழுதாக வரும்.

குறிச்சொற்களை நான் தமிழிலேயே வைக்கிறேன். ஒருங்குறியில் (யூனிகோடு) எந்தச் சிக்கலும் இல்லாமல் எழுதுகிறது, தேடவும் முடிகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. படத்துக்குள் விவரம் எழுத ஐபிடிசி என்ற பழைய முறையும் எக்ஸ்எம்பி என்ற பிந்தைய முறையும் உண்டு. பழைய முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும், ‘க’வும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ‘கு’ என்ற ஓரெழுத்துக்கே 6 பைட். ‘கும்பகோணம் மகாமகக் குளம்’ என்று எழுதினால் 68 பைட் ஆகிவிடுகிறது. எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு இல்லை. ஆனால் நாளைக்கு எந்த மென்பொருள் எதைப் படிக்கும் என்று யார் கண்டது? அதனால் ‘மகாமகக் குளம்’ என்று சுருக்கிவிட்டேன். ஊர்ப்பெயரைத் தனிக் குறிச்சொல்லாக வைத்தால் போதும்.

திருத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சாய்ந்த படத்தை நிமிர்த்துவது, ஓரம் வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் டிஜிகேமிலேயே முடிகிறது. திருத்தியதைப் புதுப் பதிப்பாகச் சேமித்து மூலப்படத்தை அப்படியே விட்டுவைப்பது எனக்குப் பிடித்த குணம். எங்கள் ஆல்பத்தில் எழுபதுகளின் கலர் படங்கள் பலவும் செக்கச்செவேல் என்று மாறிப்போயிருந்தன. அந்தக் காலத்துக் கலர் தாள்களில் மற்றச் சாயங்கள் இருக்க, நீலப்பச்சைச் சாயம் முன்னதாக மங்கிவிடும். மிஞ்சுவது சிவப்புதான். இதற்கு கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைத்தான் நாடுகிறேன், அதுவும் இலவசம். லெவல்ஸ் பகுதியில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, அந்த நிறத்தின் அளவைக் காட்டும் வரைபடம் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் ஓர முக்கோணங்களை இழுத்து வைத்தால் பாதி நிறம் திரும்பிவிடும். அம்மாவின் கல்யாணப் புடவை அரக்கு என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சிவப்பை இழுத்ததும் அதற்கு மயில் கழுத்து நிற பார்டர் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைத் தொட்டுப் பார்த்தார்.

போனில் திருத்த வேண்டுமென்றால் ஸ்னாப்சீட் இருக்கிறது, போதும்.

குறைகளும் இருக்கின்றன. டிஜிகேமின் திரை நெருக்கமானது. இடது, வலது இரண்டு ஓரங்களிலும் தாவல்கள், மேலே மெனு என்று முதல் மாதம் திகைக்க வைக்கும். பிகாசாவின் எளிமை இதில் கிடையாது. மனைவி அதைத் திறப்பதே இல்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. போன் செயலியும் கிடையாது. அதனால் வருடத்துக்கு ஒரு தடவை, தேர்ந்தெடுத்த படங்களைத் தொகுதியாகச் செயல்படுத்தும் வசதியில் போட்டு 2,048 பிக்சலுக்குச் சுருக்கி வீட்டில் எல்லோர் போனிலும் ஏற்றிவிடுகிறேன். திறக்கும்போதெல்லாம் புதுப் படம் தேடிக்கொண்டிருப்பதால் தொடக்கம் தாமதமாகும், அதை அமைப்புகளில் நிறுத்தி வைக்கலாம். முகம் தேடும் நேரத்தில் கணினியில் வேறு வேலை பார்க்க நினைக்காதீர்கள்.

படத்துக்குள் எழுதுவதில் ஒரு பின்விளைவும் உண்டு. ஒரு பெயர் சேர்த்தாலே ஃபைல் மாறியதாகக் கணக்கு, அடுத்த பேக்கப்பில் முழுப் படமும் மறுபடி காப்பியாகும். முதல் வருடம் பெயர் வைத்துக்கொண்டே இருந்தபோது ஒவ்வொரு பேக்கப்பும் மணிக்கணக்கில் ஓடியது. ஒரு 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் வீட்டில், இன்னொன்று கோவையில் தம்பி வீட்டில். மென்பொருளுக்கு இதுவரை ஒரு ரூபாய் செலவில்லை. இந்த இரண்டு வட்டுகளுக்கும் சேர்த்து 12,000 ரூபாய்க்குள் ஆனது. செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

போன தீபாவளிக்குத் தம்பி வீட்டு வட்டை மாற்றி வைக்கப் போயிருந்தேன். அவனுடைய கணினியில் டிஜிகேம் இல்லை, எதுவும் நிறுவவும் இல்லை. பெரியப்பாவின் படம் ஒன்றின் மேல் வலது கிளிக் செய்து, பண்புகளில் விவரங்கள் தாவலைத் திறக்கச் சொன்னேன். அத்தை சொன்ன பெயர் தமிழில் அங்கே இருந்தது.

இன்னும் 400 படங்களுக்குப் பெயர் இல்லை. பொங்கலுக்கு அத்தை இங்கே பத்து நாள் தங்க வருகிறார். எழுத்துகளும் முகங்களும் பெரிதாகத் தெரிய லேப்டாப்பை டிவியில் இணைக்க ஒரு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி வைத்திருக்கிறேன்.