64 ஜிபி ரேம் என்று மட்டும் பில் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள்

பினாங்கில் டெஸ்க்டாப் செட் பண்ணப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயர் வேண்டாம்.

கல்யாண வீடியோ எடிட்டிங் என் பகுதிநேர வேலை. அதற்காக ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7700 புராசஸர் போட்ட கணினிக்குச் சொல்லி வைத்தேன். வாட்ஸ்அப்பில் விலை அனுப்பியபோது '32 ஜிபி இரண்டு, டிடிஆர்5-6000' என்று தெளிவாக இருந்தது. டிடிஆர்5 ரேமின் வகை, 6000 அதன் வேகம். பில்லில் வெறும் '64 ஜிபி ரேம்'. அவசரத்தில் கவனிக்காமல் தூக்கி வந்துவிட்டேன். அது என் தப்புதான்.

பிறகு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கும் என் மச்சான் வந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். ரேம் வேகம் 3600, ஸ்லாட் நான்கும் நிரம்பியிருந்தன. பக்கக் கண்ணாடியைக் கழற்றினால் உள்ளே நான்கு 16 ஜிபி! இரண்டு ஒரு பிராண்ட், இரண்டு வேறு பிராண்ட். ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ என்ற அமைப்பைப் போட்டு 6000க்கு ஏற்றிப் பார்த்தோம். திரை கறுப்பாகவே கிடந்தது.

கடைக்குப் போன் அடித்தேன். "அண்ணே, நாலு போட்டா இன்னும் ஸ்பீடுதானே?" என்றான் பையன். எனக்குச் சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். இந்த வகை போர்டில் ஸ்லாட் நான்கு இருந்தாலும் ரேமிலிருந்து புராசஸருக்குப் போகும் பாதை, அதாவது சேனல், இரண்டுதான். சேனலுக்கு ஒன்றாக இரண்டு ரேம் போட்டாலே இரண்டு சேனலும் வேலை செய்யும். நான்கு போட்டால் ஒவ்வொரு சேனலிலும் இரண்டிரண்டாகத் தொங்கும், அதிக வேகத்தில் சிக்னல் தாங்காது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகக் கணக்கே இரண்டுக்கு 5200, நான்குக்கு 3600. 6000 என்பது அதற்கும் மேலே தள்ளி ஓட்டுவது. அதற்கென்று சேர்த்துச் சோதித்து விற்கும் ஜோடியாக வாங்க வேண்டும். இப்படி இரண்டு பிராண்டைக் கலந்தால் எந்த உத்தரவாதமும் இல்லை. ஒன்றே ஒன்று போடுவதும் சரியில்லை, ஒரு சேனல் சும்மா கிடக்கும். கையிருப்பில் தேங்கியதை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மாற்றித் தர முதலில் மறுத்தார்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டினால் வழக்குப் பதியலாம், உங்கள் வாட்ஸ்அப் மெசேஜ் கையில் இருக்கிறது என்றேன். மறுநாள் 32 ஜிபி ஜோடி வந்துவிட்டது. கூலி என்று 80 ரிங்கிட் கேட்டார்கள், கொடுக்கவில்லை. இந்த முறை சேனலுக்கு ஒன்றாக இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில்தான் மாட்டினார்களா என்று அங்கேயே கண்ணாடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். 6000இல் ஓடுகிறது.